மனநோய் வகைப்பாடும் உழைப்பாளியின் உரிமையும்

ஷிப்ட் மாறும் வேளையில் ஓசூர் நெடுஞ்சாலையின் சந்தாபுரா சந்திப்பு தொழிலாளர்களால் நிரம்பி வழிகிறது. பொம்மசந்திரா, ஜிகனி, அத்திபெலே தொழிற்பேட்டைகளுக்குச் செல்வோரும் அங்கிருந்து திரும்புவோரும் அங்கே ஒருவரையொருவர் கடக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் அவர்களில் கணிசமானவர்கள். ஆனேக்கல் வட்டாரத்தின் கன்னட உழைப்பாளிகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். இத்தகைய தொழிற்பகுதிகளின் சிறு மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கும் முறையீடுகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கைகால் உளைச்சல், எதிலும் மனம் ஒட்டவில்லை. பலருக்குச் சத்து ஊசியோடும் சில மாத்திரைகளோடும் சிகிச்சை முடிந்துவிடுகிறது. மிகச் சிலரே அதே ஓசூர் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் வடக்கே உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் வரை செல்கிறார்கள். அங்கே அவர்களுடைய துயரத்திற்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் 'எஃப் 32' என்றால் மனச்சோர்வு நிலை.

அந்தப் பெயரையும் எண்ணையும் யார் வகுத்தார்கள்? எதற்காக வகுத்தார்கள்? அவை தொழிலாளியின் கையில் உரிமைச் சீட்டாக இருக்கின்றனவா, அல்லது அவன் நெற்றியில் குத்தப்பட்ட முத்திரையாக இருக்கின்றனவா? மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் மட்டுமே உரிய விவாதமாக இது ஒதுக்கப்படுகிறது. உண்மையில் ஊதியம், விடுப்பு, இழப்பீடு, வேலைப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் இக்கேள்விகளோடு பிணைந்துள்ளன.

உளவியலாளர்கள் சொல்வது என்ன?

வகைப்பாட்டைக் கையாளும் துறையினரே அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பைத் தயாரிக்கும் கட்டத்தில், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச உளவியல் அறிவியல் ஒன்றியமும் இணைந்து 23 நாடுகளைச் சேர்ந்த 2,155 உளவியலாளர்களிடம் கருத்துக் கேட்டன. முடிவுகள் 2013இல் வெளியாயின. அவர்களில் 60 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு முறையான வகைப்பாட்டை வழக்கமாகப் பயன்படுத்துவதாகக் கூறினர். வகைப்பாட்டின் முதன்மையான பயன்களாக அவர்கள் கருதியவை இரண்டு: சிகிச்சையை முடிவுசெய்ய உதவுவது, மருத்துவப் பணியாளர்கள் ஒருவரோடொருவர் தெளிவாகப் பேச வழிசெய்வது. கறாரான அளவுகோல்களைவிட நெகிழ்வான வழிகாட்டுதல்களையே அவர்கள் விரும்பினர். கணிசமானோர், குறிப்பாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வெளியே பணியாற்றுவோர், இவ்வகைப்பாடுகள் தங்கள் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்துவதில் சிக்கல் இருப்பதாகத் தெரிவித்தனர்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, வகைப்பாடு ஒரு கருவி. நோயாளிக்குப் பயன்படும் அளவிற்கே அதற்கு மதிப்புண்டு. இரண்டாவது, அக்கருவி எல்லா நாடுகளின் வாழ்விலிருந்தும் சமமாக உருவாக்கப்பட்டதல்ல.

சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது நோய் நிர்ணயக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பைத் தயாரித்தபோது, அந்நாட்டு உளவியலாளர்களின் ஒரு பிரிவினர் 2011இல் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்த்தனர். அதில் 15,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டனர். நோயின் வரம்பைத் தளர்த்தினால் இயல்பான துயரமும் நோயாகிவிடும், தேவையற்ற மருந்து மக்கள் மீது திணிக்கப்படும் என்பது அவர்களின் அச்சம். அது வீண் அச்சமல்ல. உற்றாரை இழந்து துக்கத்தில் இருப்பவரை மனச்சோர்வு நோயாளியாகக் கணக்கிடுவதில் முந்தைய பதிப்பில் இருந்த விலக்கு, 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் மருத்துவ உளவியல் பிரிவு, நோய்ப் பெயர்களை மட்டுமே நம்பியிருக்கும் அணுகுமுறையிலிருந்து விலக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. 2018இல் அப்பிரிவின் ஆதரவோடு வந்த மாற்றுச் சட்டகம், ஒருவருக்கு என்ன கோளாறு என்பதற்கு முன்னால் அவருக்கு என்ன நேர்ந்தது, அவர் மீது எந்த அதிகாரம் செயல்பட்டது என்று கேட்கச் சொல்கிறது.

வகைப்பாட்டின் பின்னால் இருக்கும் மூலதனத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பை உருவாக்கிய குழுக்களின் 170 உறுப்பினர்களில் 95 பேருக்கு, அதாவது 56 சதவீதத்தினருக்கு, மருந்து நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்ததை 2006இல் வெளியான ஓர் ஆய்வு அம்பலப்படுத்தியது. மனநிலைக் கோளாறுகள், மனச்சிதைவு ஆகியவற்றுக்கான குழுக்களில் உறுப்பினர் அனைவருக்குமே அத்தொடர்பு இருந்தது. எந்த நோய்களுக்கு மருந்தே முதன்மைச் சிகிச்சையோ, அவற்றின் எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் இவர்களே.

முத்திரையின் வரலாறு

ஆளும் வர்க்கத்திற்கு ஒவ்வாத நடத்தையை நோய் என்று பெயரிடுவது புதிதல்ல. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகள் எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடுவதை ஒரு மனநோயாக அறிவித்து அதற்குப் பெயரும் சூட்டினார். அடிமைமுறையை நியாயப்படுத்தும் பணி அப்போது மருத்துவத்தின் உடையில் நடந்தது. தன்பாலின ஈர்ப்பு அமெரிக்கக் கையேட்டிலிருந்து 1973இல்தான் நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நீக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு நீக்கங்களுக்கும் பின்னால் பாதிக்கப்பட்டவர்களின் நீண்ட போராட்டம் இருந்தது. சோவியத் ஒன்றியத்தில் மாற்றுக் கருத்தாளர்கள் சிலர் மனச்சிதைவு நோயாளிகள் என்று முத்திரையிடப்பட்டு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டதையும், அதன் மீதான விமர்சனம் முற்றிய நிலையில் அந்நாட்டு மனநல மருத்துவர் அமைப்பு 1983இல் உலக சங்கத்திலிருந்து வெளியேறியதையும் இடதுசாரிகள் மறைக்கத் தேவையில்லை. அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர் மீது நோய் முத்திரை குத்துவது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் தவறே.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இந்தப் பின்னணியில் வாசிக்கப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைய வகைப்பாடு உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களின்படியே மனநோய் நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. கூடவே, ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் சார்ந்த பண்பாட்டு, இன, மதக் குழுவை வைத்தோ மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளோடும், வேலை சார்ந்த மதிப்பீடுகளோடும் ஒத்துப்போகாததும் மனநோய்க்குச் சான்றாகாது என்கிறது. முன்பு சிகிச்சை பெற்றிருப்பது மட்டுமே இப்போது ஒருவரை மனநோயாளியாக்காது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவராகிவிட மாட்டார். அதை உரிய நீதிமன்றமே அறிவிக்க முடியும். மிகைநேர வேலைக்கு மறுப்பவரை, மேற்பார்வையாளரின் வசவுக்கு எதிர்த்துப் பேசுபவரை 'மனநிலை சரியில்லாதவர்' என்று நிர்வாகம் ஒதுக்க முயன்றால், தொழிற்சங்கம் கையில் எடுக்க வேண்டிய சட்டப் பிரிவு இதுவே.

பெயர் இல்லாததன் விலை

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, மனநோய் என்பதே ஒரு கற்பிதம், வகைப்பாடே தேவையில்லை என்ற முடிவுக்கு வருவது பெரும் பிழை. அந்த முடிவின் விலையைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களுடைய துயரம் 'பேய்', 'செய்வினை' என்ற பெயர்களோடு அங்கே வந்து சேர்ந்திருந்தது. அறிவியல் பெயர் சூட்டாத இடத்தில் மூடநம்பிக்கை பெயர் சூட்டுகிறது. அதைவிடவும் முக்கியமாக, அரசு மருத்துவம் எட்டாத இடத்தில் சங்கிலி எட்டிப்பார்க்கிறது.

நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்வதாகக் கண்டது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோய்க்கு நோய் மாறுபட்டு, 70 சதவீதத்திலிருந்து 92 சதவீதம் வரை இருந்தது. இந்தக் கணக்கே ஒரு வகைப்பாட்டின் துணையோடுதான் சாத்தியமானது. எண்ணப்படாத துயரத்திற்கு அரசிடம் நிதி கேட்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களில் ஒன்றாக மனநோயைச் சேர்த்துள்ளது. 40 சதவீத ஊனம் என்ற சான்று கிடைத்தால்தான் அதன் முக்கியப் பலன்கள் கிடைக்கும். நோய்க்குப் பெயரில்லையேல் சான்றில்லை. சான்றில்லையேல் உதவித்தொகையும் இல்லை.

வகைப்பாடு மக்களுக்குப் பயன்பட்டதற்கான எடுத்துக்காட்டும் இதே ஆனேக்கல் வட்டாரத்தில் உள்ளது. சந்தாபுராவிலிருந்து அதிகத் தொலைவில்லாத சகலவாரா கிராமத்தில், 1970களின் நடுப்பகுதியில் நிம்ஹான்ஸ் ஊரக மனநல மையம் ஒன்றைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் அங்கே பயிற்சி தரப்பட்டது. பருமனான கையேடுகள் அவர்கள் தலையில் சுமத்தப்படவில்லை. அடிக்கடி காணும் சில நோய்களை எளிய அடையாளங்களால் கண்டறிந்து, குறைந்த எண்ணிக்கையிலான மருந்துகளால் ஊரிலேயே சிகிச்சை தருவது என்பதே வழிமுறை. அந்த அனுபவம் பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் விரிவாக்கப்பட்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடு முழுவதற்கும் முன்வைக்கப்பட்டது. வகைப்பாட்டை மக்களின் தேவைக்கேற்பச் சுருக்கி வளைக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் அதற்குப் போதிய நிதி வரவில்லை. மனநலத்திற்கான ஒன்றிய அரசின் ஒதுக்கீடு சுகாதார நிதியில் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்ற 14416 தொலைபேசிச் சேவை பயனுள்ளதே. எனினும் தொலைபேசி எண், மருத்துவரும் உளவியலாளரும் உள்ள ஒரு மருத்துவமனைக்கு மாற்றாகிவிடாது.

உள்ளிருந்து மட்டுமே வருகிறதா?

ஆக, வகைப்பாடு தேவையா இல்லையா என்பது கேள்வியல்ல. அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே கேள்வி. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தை, அதாவது ஈ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்வோம். சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்கள் எனப் பட்டியலிடப்பட்ட 34 நோய்களுக்கு இரண்டாண்டுகள் வரை 80 சதவீதம் பெறலாம். அப்பட்டியலில் மனநோய்த் தலைப்பின் கீழ் உள்ளவை மனச்சிதைவு, பித்து-சோர்வு நோய், மறதி நோய், 'உள்ளிருந்து தோன்றும்' மனச்சோர்வு ஆகியவை. இந்தக் கடைசிச் சொற்றொடரில் அரசியல் இருக்கிறது. காரணம் மனிதனுக்குள்ளேயே இருந்தால் நீண்டகாலப் பலன் உண்டு. வேலையும் கடனும் அவமானமும் வெளியிலிருந்து உண்டாக்கிய சோர்வுக்கு அப்பட்டியலில் பெயரில்லை. உள்ளிருந்து வருவது, வெளியிலிருந்து வருவது என்று மனச்சோர்வைப் பிரிக்கும் முறையை வகைப்பாடுகளே பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிட்டுவிட்டன. காப்பீட்டுப் பட்டியலில் மட்டும் அது உயிரோடிருக்கிறது. மேலும், இந்தப் பலனைப் பெற இரண்டாண்டுகள் தொடர்ந்து காப்பீட்டிற்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் 156 நாட்களுக்குப் பங்களிப்பும் செலுத்தியிருக்க வேண்டும். சில மாதங்களுக்கொருமுறை ஒப்பந்ததாரர் மாறும் தொழிலாளி இந்த வாசலை எப்படித் தாண்டுவார்?

தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈய நச்சுத்தன்மை உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோயும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் உண்டு. மனநோய் எதுவும் இல்லை. அச்சட்டத்தின் இடத்திற்கு மோடி அரசு கொண்டுவந்த 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. இயந்திரம் காதைச் செவிடாக்கும் என்பதை ஏற்கும் சட்டம், இயந்திரத்தின் வேகமும் இலக்கும் மனத்தை முறிக்கும் என்பதை ஏற்க மறுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராம் பதிப்பு, வேலையிடத்தின் தொடர் அழுத்தத்தால் ஏற்படும் முழுச் சோர்வைத் 'தொழில் சார்ந்த நிகழ்வு' என்று பதிவுசெய்தது. அதே மூச்சில் அது நோயல்ல என்றும் கூறியது. காரணம் வேலை என்று ஒப்புக்கொள்ளப்படும் இடத்தில் அது நோயாகக் கணக்கிடப்படுவதில்லை; நோய் என்று ஒப்புக்கொள்ளப்படும் இடத்தில் வேலை காரணமாகக் கணக்கிடப்படுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் முதலாளியின் பொறுப்பு காணாமல் போகிறது.

சந்தாபுரா மக்களுக்கு இதை விளக்க அவர்களுடைய ஏரியே போதும். சந்தாபுரா ஏரி மாசுபட்டபோது, 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கழிவு எங்கிருந்து வந்தது, அதைத் தடுக்கத் தவறியவர் யார் என்று கேட்கப்பட்டது. நீரைச் சோதித்து மாசின் பெயர்களை எழுதியதோடு விசாரணை நின்றுவிடவில்லை. ஏரிக்குக் கேட்கப்பட்ட இக்கேள்வி, அதன் கரையில் வாழும் மனிதரின் மனத்துக்கு ஏன் கேட்கப்படுவதில்லை?

தற்கொலைக் கணக்கிலும் இதே மறைப்பைக் காணலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 26.4 சதவீதத்தினர் தினக்கூலிகள். ஆனால் காரணங்களின் வரிசையில் முதலிடம் 31.7 சதவீதத்தோடு 'குடும்பப் பிரச்சினை'க்கு, அடுத்து 18.4 சதவீதத்தோடு 'நோய்'. கூலி போதாததால் வீட்டில் எழும் சண்டை குடும்பப் பிரச்சினையா, கூலிப் பிரச்சினையா? காவல் நிலையத்தில் நிரப்பப்படும் படிவத்தின் ஒரு கட்டம் அதைத் தீர்மானித்துவிடுகிறது.

துயரத்தின் மொழி

உளவியலாளர்கள் எழுப்பிய பண்பாட்டுக் கேள்விக்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்திய நோயாளிகள் மனச்சோர்வை எப்படி உணர்ந்து வெளிப்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் கூடுமிடத்தில் சமூக இழிவு குறித்த அச்சமும் கூடியது. உடல் வலியாக வெளிப்பட்ட இடத்தில் அந்த அச்சம் குறைந்தது. வலி எல்லோருக்கும் வருவது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. மனம் உடைந்துபோனது என்றால் திருமணம் நின்றுவிடும், வேலை போய்விடும். எனவே 'கைகால் உளைச்சல்' என்று சொல்லும் தையல் தொழிலாளி அறியாமையால் அப்படிச் சொல்வதில்லை. தம்மைக் காத்துக்கொள்ளவே அந்தச் சொல்லைத் தேர்கிறார். தமிழில் சொல்லப்பட்ட துயரம் கன்னடத்தில் கேட்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இறுதியில் ஓர் எண்ணாகும்போது, வழியில் உதிர்ந்துபோவது பெரும்பாலும் வேலையைப் பற்றிய செய்தியே.

நவதாராளமய அரசுகளோ அழுத்தத்தை மேலும் கூட்டுகின்றன. கர்நாடகத்தின் அன்றைய பா.ஜ.க. அரசு 2023 பிப்ரவரியில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கும் பெண்களின் இரவுப் பணிக்கும் வழி திறந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் நிறைவேறிய ஒத்த திருத்தம், தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதி விதி மாற்றத்தை எதிர்த்து ஓசூர் சாலையில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இறங்கியபோது ஒன்றிய அரசு அந்த விதியைக் கைவிட நேர்ந்தது. தனித்தனியே படபடப்பாகவும் தூக்கமின்மையாகவும் அனுபவிக்கப்படும் ஒன்று, கூட்டாகும்போது கோரிக்கையாகிறது. போராட்டம் மருந்துக்கு மாற்று என்று இதற்குப் பொருளல்ல. மருந்து வேண்டியவருக்கு மருந்து வேண்டும். மருந்தைத் தின்றுவிட்டு அதே பன்னிரண்டு மணி நேரத்திற்குத் திரும்பு என்பதை மட்டும் சிகிச்சை என்று ஏற்க முடியாது.

இன்றைய கடமை

இவற்றிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. ஈ.எஸ்.ஐ. நீண்டகால நோய்ப் பட்டியலிலிருந்து 'உள்ளிருந்து தோன்றும்' என்ற அடைமொழி நீக்கப்பட்டு, கடுமையான மனச்சோர்வு, பதற்ற நோய்கள் அனைத்தும் சேர்க்கப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியின் காப்பீட்டுக் காலம் அறுபடாமல் கணக்கிடப்பட வேண்டும். வேலையால் விளையும் மனநலப் பாதிப்புகள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஓசூர் சாலைத் தொழிற்பகுதியின் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கன்னடத்தோடு தமிழும் இந்தியும் ஒடியாவும் அறிந்த உளவியலாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். நோயின் வரலாறு எழுதும்போது வேலை நேரம், இலக்கு, கடன், குடியிருப்பு, வேலையிட வன்முறை ஆகியவை கட்டாயமாகக் கேட்டுப் பதிவுசெய்யப்பட வேண்டும். மருத்துவக் குறிப்பின் இரகசியம் காக்கப்பட வேண்டும். நோய்ப் பெயரைக் காரணம் காட்டி எவரையும் வேலைநீக்கம் செய்யக் கூடாது. நாட்டின் நோய் வகைப்பாடு, மருந்து நிறுவனங்களின் பணத்தொடர்பற்ற வல்லுநர்களோடு நோயாளிகளின், தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் பங்கேற்கும் வெளிப்படையான முறையில் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்.

கட்சி அணிகளுக்கும் தொழிற்சங்க ஊழியர்களுக்கும் இதில் தனிக் கடமை உண்டு. 'மெண்டல்', 'பைத்தியம்' என்ற சொற்கள் இயக்கத்தின் மேடைகளிலும் அரட்டைகளிலும் வசவாகப் புழங்குவது முதலில் நிற்க வேண்டும். தூக்கம் போய், முகம் வாடி, கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிடும் தோழரைச் 'செயலிழந்தவர்' என்று பதிவேட்டிலிருந்து அடிக்கும் முன் அவர் வீட்டுக்குச் சென்று பேச வேண்டும். வேண்டியிருந்தால் மருத்துவரிடம் உடன் செல்ல வேண்டும். 14416 என்ற எண் ஒவ்வொரு கிளை அலுவலகத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு வாயிற்கூட்டங்களில் விளக்கப்பட வேண்டும்.

உழைப்பு மனிதனை அவனுடைய படைப்பிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும், தன்னிடமிருந்துமே அந்நியமாக்குவதை மார்க்ஸ் 1844இல் எழுதினார். அந்த அந்நியமாதலுக்கு எந்த வகைப்பாட்டிலும் எண் கிடையாது. வகைப்பாட்டில் எண் உள்ள நோய்களுக்குச் சிகிச்சையும் விடுப்பும் பெற்றுத் தருவதும், எண் இல்லாத அந்தக் காரணத்தை ஒழிக்கப் போராடுவதும் உழைக்கும் வர்க்க இயக்கத்தின் பிரிக்க முடியாத இரு பணிகள். சந்தாபுரா சந்திப்பில் பேருந்துக்காகக் காத்திருக்கும் தொழிலாளி இரண்டையும் கேட்கும் உரிமை உடையவர்.